ஒரு கையில் மட்டும் ரத்த அழுத்தம் பார்ப்பது போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தம்பிக்கு ஒன்பது மாதங்களில் ஏழு முறை ரத்த அழுத்தம் பார்க்கப்பட்டது. ஏழு முறையும் இடது கையில்தான் பார்த்தார்கள்; ஒரு முறைகூட மேல் அளவு 120-ஐத் தாண்டவில்லை. ‘பிரஷர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று கேட்டுக் கேட்டு, நாங்களும் அந்தக் கவலையை மனத்திலிருந்து இறக்கி வைத்துவிட்டோம். பத்தாவது மாதத்தில் ஒரு மருத்துவர் அவனுடைய வலது கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தபோது 164 காட்டியது. அதே நாற்காலியில், அதே ஐந்து நிமிடத்துக்குள், இடது கை 116 காட்டிக்கொண்டிருந்தது. அந்த 48 புள்ளி வித்தியாசத்துக்குப் பின்னால் இருந்த நோயைப் பற்றியும், கழுத்தில் எடுக்கும் டாப்ளர் ஸ்கேன் அதை எப்படிக் காட்டிக்கொடுத்தது என்பதைப் பற்றியும், முதலில் எடுத்த ஸ்கேனில் அது எப்படித் தவறிப்போனது என்பதைப் பற்றியும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இதில் உள்ள மருத்துவச் செய்திகள் தம்பிக்குச் சிகிச்சை அளித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவையும், பின்னர் நானே படித்துச் சரிபார்த்தவையும் ஆகும்.

தம்பி வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் தொழிலாளி, வயது 58. பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. பீடிப் பழக்கம் அதற்கும் வெகு காலம் முந்தியது. அவன் இடக்கைக்காரன் என்பதை இங்கே சொல்ல வேண்டும்; கையை நீட்டச் சொன்னால் அவனுக்கு முதலில் நீள்வது இடது கைதான். சென்ற ஆண்டு தொடக்கத்தில், உத்தரத்துக்கு வர்ணம் அடிக்கும்போது இடது கை சீக்கிரமே கடுத்து ஓய்ந்துபோவதாகச் சொன்னான். வயதாகிறது, வேலையைக் குறைத்துக்கொள் என்றேன். சில வாரங்களில் கை கடுப்போடு தலைச்சுற்றலும் சேர்ந்துகொண்டது. ‘அண்ணே, ரெண்டு நிமிஷம் கையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாச் சரியாப் போயிருது’ என்பான். அந்த ஒரு வாக்கியத்திலேயே நோயின் முழு விவரமும் இருந்தது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

நம் பக்கத்தில் தலைசுற்றல் என்றாலே முதலில் சொல்லப்படுவது பித்தம். எலுமிச்சைச் சாறும் சுக்குமல்லிக் கஷாயமும் சில வாரங்கள் நடந்தன. பிறகு பார்த்த ஒரு மருத்துவர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை போடச் சொன்னார். இன்னொருவர் காது நரம்புக்கு மாத்திரை கொடுத்தார். இரண்டும் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுபவை. ஆகையால் அவர்களை நான் குறை கூறவில்லை. மூன்றாவதாக ஒருவர் கழுத்து ரத்தக் குழாய்களுக்கு ஸ்கேன் எடுத்து வரச் சொன்னார். ‘ஆம்பளைக்கு எதுக்குண்ணே ஸ்கேன்?’ என்று தம்பி கேட்டான். ஸ்கேன் என்றால் கர்ப்பிணிகளுக்கு எடுப்பது என்றே நம் ஊர்களில் இன்னும் பலர் எண்ணியிருக்கிறார்கள். ஒருவழியாகச் சமாதானப்படுத்தி அழைத்துச் சென்றேன். கழுத்தின் இரு பக்கமும் உள்ள கரோட்டிட் தமனிகளில் குறிப்பிடத்தக்க அடைப்பு இல்லை என்று அறிக்கை வந்தது. அதன் கடைசி வரி, ‘இரு பக்க வெர்டிப்ரல் தமனிகளிலும் ரத்த ஓட்டம் தெரிகிறது’ என்றிருந்தது. நிம்மதியாக வீடு திரும்பினோம். அடுத்த மாதம் திருநகரில் ஒரு வீட்டில் ஏணியின் மூன்றாவது படியிலிருந்து நினைவிழந்து விழுந்தான். முழங்காலில் காயத்தோடு போயிற்று. சாரத்தின் மேல் நின்றிருந்த வேளையில் அது நேர்ந்திருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் உடல் பதறுகிறது.

விழுந்த பிறகு பார்த்த மருத்துவர் முதலில் செய்த காரியம், தம்பியின் இரு மணிக்கட்டுகளையும் ஒரே நேரத்தில் பிடித்து நாடி பார்த்ததுதான். இடது நாடி மெலிந்து, வலது நாடிக்குச் சற்றுப் பின்தங்கி வந்தது. இடது காறை எலும்புக்கு மேலே ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது சீறல் போன்ற ஒலி கேட்டதாகச் சொன்னார். பிறகுதான் இரு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்த்தார். இவ்வளவுக்கும் ஆன நேரம் பத்து நிமிடம்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலிருந்து இடது கைக்கு ஒரு பெரிய குழாய் பிரிகிறது. சப்கிளேவியன் தமனி என்று பெயர். காறை எலும்புக்கு அடியில் ஓடுவதால் வந்த பெயர் அது. கைக்குப் போகும் வழியிலேயே அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து, கழுத்து முள்ளெலும்புகளின் பக்கவாட்டில் உள்ள துளைகளின் வழியாக மேலேறி மூளைக்குப் போகிறது. இதுவே வெர்டிப்ரல் தமனி. வலப்பக்கத்திலும் இதேபோல் ஒன்று ஏறுகிறது. இரண்டும் மூளைத்தண்டின் முன்னே ஒன்றாகச் சேர்ந்து, மூளைத்தண்டுக்கும், உடல் நிலைதடுமாறாமல் காக்கும் சிறுமூளைக்கும், பார்வைக்குரிய பின்பகுதிக்கும் ரத்தம் கொடுக்கின்றன. இப்போது, வெர்டிப்ரல் கிளை பிரியும் இடத்துக்கு முன்பாகவே சப்கிளேவியன் தமனி சுருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கைக்கு ரத்தம் போதாது. கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு அடுத்து நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை: தலைமடை அடைபட்டுத் தாழ்ந்த வயல் வற்றினால், பக்கத்து வாய்க்காலோடு இணைப்பு இருக்கும்பட்சத்தில், அங்கிருந்து தண்ணீர் எதிர்த்திசையில் திரும்பி அந்த வயலுக்கு ஓடி வரும். அதுபோலவே, வலப்பக்க வெர்டிப்ரல் வழியாக மூளை வரை ஏறிய ரத்தத்தில் ஒரு பகுதி, இடப்பக்க வெர்டிப்ரல் வழியாகத் தலைகீழாக இறங்கிக் கைக்குப் போய்விடுகிறது. மூளைக்குப் போன ரத்தத்தைக் கை திருடிக்கொள்கிறது என்பதனால் மருத்துவர்கள் இதைச் ‘சப்கிளேவியன் ஸ்டீல்’ (steal, அதாவது திருட்டு) என்று அழைக்கிறார்கள். கை உழைக்க உழைக்கத் திருட்டு மிகும். தம்பிக்குக் கையைத் தூக்கி வேலை செய்தால் தலை சுற்றியதும், தொங்கப்போட்டு உட்கார்ந்தால் தெளிந்ததும் இதனால்தான்.

இந்நோய் இடப்பக்கமே அதிகம் வருகிறது. 1960-இல் இத்தாலிய மருத்துவர் கோன்டோர்னி இந்தத் தலைகீழ் ஓட்டத்தைச் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் கண்டு எழுதினார். 1961-இல் அமெரிக்காவில் மார்ட்டின் ரைவிச் குழுவினர் அதை மூளைக்கு ரத்தம் குறைவதால் வரும் அறிகுறிகளோடு தொடர்புபடுத்திக் காட்டினர். அந்நாளில் இதை உறுதிசெய்யத் தமனிக்குள் குழாய் விட்டுச் சாயம் பாய்ச்ச வேண்டியிருந்தது. இன்று ஊசியில்லை, சாயமில்லை, கதிர்வீச்சில்லை; கழுத்தில் பசையைத் தடவி ஒரு கருவியை வைத்துப் பார்த்தாலே போதும்.

இந்தக் கருவி செய்யும் வேலையை நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். திருமங்கலத்தில் தண்டவாளத்துக்கு அருகில் வளர்ந்த பிள்ளைகளுக்கு டாப்ளர் விளைவைப் புரியவைப்பது எளிது. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்த சுருதியிலும், கடந்து போகும்போது தாழ்ந்த சுருதியிலும் கேட்பது அவர்கள் நாள்தோறும் அறிந்தது. ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் இக்கருத்தை வெளியிட்டது 1842-இல். ஜப்பானில் சடோமுரா என்ற அறிஞர் 1950-களில் இதை இதயத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் பயன்படுத்திக் காட்டினார். நம் காது கேட்கும் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். கழுத்து ஸ்கேனில் நொடிக்குப் பல மில்லியன் அதிர்வுகள் கொண்ட ஒலி செலுத்தப்படுகிறது. ஓடும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது. கருவியை நோக்கி வரும் ரத்தத்துக்கு அதிர்வெண் கூடும்; விலகிப் போகும் ரத்தத்துக்குக் குறையும். இந்த மாற்றத்தைக் கருவி வண்ணமாகவும் அலைவரைபடமாகவும் திரையில் காட்டுகிறது. ஆகவே, இந்தக் கருவிக்குத் திசை தெரியும். தெரிந்ததைப் பார்க்கிறவர் எழுத வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

தமிழ்ப் பாடநூல்களில் வேகம் என்றும் திசைவேகம் என்றும் இரு சொற்கள் இருக்கின்றன. திசையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதிவிட்டு அதைத் திசைவேகம் என்று குறிப்பிட்ட மாணவர்களுக்கு நான் மதிப்பெண் கொடுத்ததில்லை. தம்பியின் முதல் அறிக்கையில் இருந்த ‘ரத்த ஓட்டம் தெரிகிறது’ என்ற வரி பொய்யன்று. ஓட்டம் தெரிந்தது உண்மை. அது மேலே போகிறதா, கீழே வருகிறதா என்பதுதான் அந்த அறிக்கையில் இல்லை. அதில்தான் நோய் இருந்தது.

இரண்டாவது ஸ்கேன் எடுத்த மருத்துவர் திரையைத் திருப்பி எனக்குக் காட்டி விளக்கினார். கரோட்டிட் சிவப்பாக இருந்தது. வெர்டிப்ரல் நீலமாக இருந்தது. ஆனால் அவர் அதோடு முடிவுக்கு வந்துவிடவில்லை. வண்ணங்களை ஒரு பொத்தானில் மாற்றிவிட முடியும் என்பதால், சிவப்பு, நீலம் என்ற நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்றார். கரோட்டிட்டும் வெர்டிப்ரலும் மூளைக்கே போவதால், ஒரே அமைப்பில் இரண்டையும் ஒப்பிட்டால் இரண்டும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்றில் ஓட்டம் திரும்பியிருக்கிறது. வெர்டிப்ரல் தமனியை ஒட்டி அதன் சிரையும் ஓடுகிறது. சிரையில் ரத்தம் கீழ்நோக்கி வருவதுதான் இயல்பு. ஆகவே, நீலமாகத் தெரிவதைச் சிரை என்று எண்ணிக் கடந்துவிடும் வாய்ப்பு உண்டு. அலைவரைபடத்தில் தமனிக்குரிய துடிப்பு இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். மேலும், முள்ளெலும்புகளின் நிழல் விழுவதால் இத்தமனி துண்டு துண்டாகத்தான் திரையில் தென்படும். ஒலி அதன் மீது செங்குத்தாகப் பட்டால் அதிர்வெண் மாற்றமே இராது. சாய்கோணம் 60 பாகைக்கு மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவை அனைத்துக்கும் பொறுமையும் நேரமும் வேண்டும். வெளியே நாற்பது பேர் காத்திருக்கும் இடத்தில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

ஓட்டம் ஒரேயடியாகத் திரும்பிவிடுவதும் இல்லை. தொடக்கத்தில் இதயம் சுருங்கும் கணத்தில் மட்டும் அலைவரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். அடைப்பு மிகுந்தால், ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் முன்னும் பின்னுமாக ஊசலாடும். முற்றிய நிலையில்தான் முழுதும் கீழ்நோக்கி ஓடும். நடு நிலையில் இருப்பவர் சும்மா படுத்திருக்கும்போது நோய் தெளிவாகத் தெரியாமல் போகலாம். அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக் கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, நாடி நிற்கும் அளவுக்குக் காற்றேற்றிச் சில நிமிடம் வைத்திருந்து சட்டென்று விடுகிறார்கள். ரத்தத்துக்கு ஏங்கிய கை அதை இழுத்துக்கொள்ளும்போது, மறைந்திருந்த தலைகீழ் ஓட்டம் திரையில் வெளிப்படுகிறது. தம்பிக்கு இதைச் செய்தபோது, அவன் உத்தரத்துக்கு வர்ணம் அடிக்கையில் அந்தக் கழுத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை நான் கண்ணாலேயே பார்த்தேன்.

இதை எழுதுவதால், நாளையே எல்லோரும் கழுத்து ஸ்கேன் எடுக்க ஓட வேண்டும் என்று பொருளில்லை. அறிகுறி ஏதும் இல்லாதவர்கள் அனைவருக்கும் கழுத்துத் தமனி ஸ்கேன் எடுப்பதை மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைப்பதில்லை. தலைகீழ் ஓட்டம் இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. மூளைக்குப் போகும் மற்ற மூன்று தமனிகளும் (இரு கரோட்டிட்டும் மறுபக்க வெர்டிப்ரலும்) மூளையின் அடியில் உள்ள ரத்தக் குழாய் வளையத்தின் வழியாக ஈடுசெய்துவிடுகின்றன. அத்தகையவர்களுக்குப் பெரும்பாலும் புகையை விடுவதும், சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பதுமே சிகிச்சை. தலைசுற்றல்கள் எல்லாம் இந்நோயும் அல்ல. நகரெங்கும் தொங்கும் ‘முழு உடல் பரிசோதனை’ விளம்பரங்களில் இன்னொரு வரி கூடுவதற்கு என் கடிதம் காரணமாகிவிடக் கூடாது. எனினும், கையை உயர்த்தியோ ஓயாமல் அசைத்தோ வேலை செய்யும்போது தலை சுற்றுவது, பார்வை இரட்டையாகத் தெரிவது, நினைவு தப்புவது, ஒரு கை மட்டும் விரைவில் ஓய்ந்துபோவது ஆகியவை இருந்தால், அவர்களுக்கு இந்த ஸ்கேன் தேவைப்படலாம். செல்லூரில் தறியில் நிற்பவர்களும், மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்குபவர்களும், கட்டட வேலைக்குச் செல்பவர்களும் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஸ்கேனுக்கும் முன்னே நிற்பது, செலவே இல்லாத ஒரு சோதனை. முதன்முறை ரத்த அழுத்தம் பார்க்கும்போது இரு கைகளிலும் பார்க்க வேண்டும்; எந்தக் கையில் அதிகமோ அந்தக் கையில்தான் பிறகு தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது மருத்துவ நெறிமுறைகளில் ஏற்கெனவே உள்ளது. மேல் அளவில் 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்து, திரும்பப் பார்த்தாலும் அப்படியே நீடித்தால், குறைந்த அளவு காட்டும் கையின் தமனியில் சுருக்கம் இருக்கக்கூடும் என்று ஐயப்பட வேண்டும். சுருங்கிய பக்கத்துக் கையில் மட்டும் பார்த்தால் நேரும் கேடு இரட்டிப்பானது: தமனி நோயும் தெரியாது, உயர் ரத்த அழுத்தமும் தெரியாது. என் தம்பி ஒன்பது மாதம் 160-க்கு மேல் ரத்த அழுத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாமல் சாரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பது நம் கிராமங்களுக்குக் கிடைத்த பெரும் உதவி. எங்கள் தெருவுக்கு வரும் சகோதரி வெயிலிலும் மழையிலும் வருவதை நான் அறிவேன். அவர்களின் குறிப்பேட்டில் ரத்த அழுத்தத்துக்கு ஒரு கட்டத்துக்குப் பதிலாக ‘வலது’, ‘இடது’ என்று இரண்டு கட்டங்கள் இருந்தால், ஒவ்வொருவருக்கும் முதல் முறையும் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் இரு கைகளிலும் பார்த்து எழுதினால், ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கூடும். புதிய கருவி எதுவும் வேண்டாம். மக்கள் நல்வாழ்வுத் துறை இதைக் கருத்தில் கொள்ள வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்கேன் மையங்களிடமும் கதிரியக்க மருத்துவர்களிடமும் நான் வைக்கும் வேண்டுகோள் ஒரே ஒரு வரியைப் பற்றியது. கழுத்துத் தமனிக்கு டாப்ளர் எடுக்கும்போதெல்லாம், ‘வலது வெர்டிப்ரல்: ஓட்டம் மேல்நோக்கி, இடது வெர்டிப்ரல்: ஓட்டம் மேல்நோக்கி’ என்று, அல்லது எப்படி இருக்கிறதோ அப்படி, திசையோடு எழுதுங்கள். ஒரு பக்கத்தில் சரியாகத் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று எழுதுங்கள். அதைக் கண்டால் அனுப்பிய மருத்துவர் வேறு வழியில் தேடுவார்.

இரு சாராரை மட்டும் தனியே குறிப்பிட வேண்டும். இளம்பெண்கள் முதலாவது. தமனிச் சுவரே அழற்சியால் தடித்துச் சுருங்கும் ‘டாகயாசு’ நோய் பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் உள்ள பெண்களுக்கு வருகிறது. இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் ஒப்பளவில் அதிகம். 1908-இல் இதை முதலில் எடுத்துரைத்த ஜப்பானியக் கண் மருத்துவரின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது. நாடி தட்டுப்படாமல் போவதால் ‘நாடியற்ற நோய்’ என்றும் பெயர். இருபத்தைந்து வயதுப் பெண் கை வலி, தலைசுற்றல் என்றால், ரத்தசோகை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாமல் இரு கை நாடியையும் ஒரு முறை பிடித்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள், இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். அச்சிகிச்சையில் பெரும்பாலும் பயன்படுத்தப்படும் மார்புத் தமனி, அந்த இடது சப்கிளேவியனிலிருந்தே கிளைக்கிறது. மூலக்குழாய் சுருங்கினால், வேலை செய்யும்போது இதயத்துக்குப் போக வேண்டிய ரத்தத்தையும் கை இழுத்துக்கொள்ளும். ஆகவே அவர்களுக்கு இடது கை அளவு குறைவாக இருப்பது அலட்சியப்படுத்தக்கூடிய செய்தியன்று.

தம்பிக்கு அறிகுறிகள் கடுமையாக இருந்ததால், சி.டி. ஆஞ்சியோவில் சுருக்கம் இருக்கும் இடத்தை உறுதிசெய்துகொண்டு, தொடை வழியாகக் குழாய் செலுத்தி, பலூனால் விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து எடுத்த டாப்ளரில் கரோட்டிட்டும் வெர்டிப்ரலும் ஒரே நிறத்தில் இருந்தன. இப்போது இரு கைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டுகிறது. அந்த அளவு உண்மையில் உயர்வாக இருந்ததால் அதற்கு மாத்திரை சாப்பிடுகிறான். பீடியை விட்டுவிட்டான். வேலைக்கும் போகிறான், சாரத்தில் ஏறுவதற்கு மட்டும் நாங்கள் இன்னும் சம்மதிக்கவில்லை.

தலைசுற்றலுக்காக முன்பே கழுத்து ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை என்ற அறிக்கையை வீட்டில் வைத்திருக்கும் வாசகர்கள் யாரேனும் இருந்து, தொந்தரவும் இன்னும் தீராமல் இருந்தால், அந்த அறிக்கையை எடுத்து வெர்டிப்ரல் என்ற சொல்லுக்கு நேரே திசை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை எடுத்துக்கொண்டு தங்கள் மருத்துவரிடம் போய், இரு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.